ஐப்டேசியா: கிள்ளினால் பெருகும்

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியின் பாறையில் பழுப்பு நிறத்தில், மெல்லிய தண்டும் நீண்ட உணர்கொம்புகளுமாக முளைத்திருப்பது பெரும்பாலும் ஐப்டேசியா என்னும் கடல் சாமந்திதான். இந்தத் தொல்லையை ஒழிக்க நினைத்து, தயவுசெய்து கிள்ளாதீர்கள், சுரண்டாதீர்கள். அடிப்பாதத்தின் சிறு துணுக்கு மிஞ்சினாலே புதிதாக ஒன்று வளர்ந்துவிடும்.

நாலைந்துதான் என்றால் கால்சியம் ஹைட்ராக்சைடு தூளை, அதாவது கால்க்வாசரை, ஆர்.ஓ. நீரில் பற்பசைப் பதத்துக்குக் குழையுங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம், தோலை அரிக்கும். பம்புகளை நிறுத்திவிட்டு, பசை நிரப்பிய சிரிஞ்சை மெதுவாக அருகே கொண்டுபோங்கள். சட்டென அசைத்தால் ஐப்டேசியா பாறை இடுக்குக்குள் சுருங்கிக்கொள்ளும், பிறகு பசை மேலே மட்டும் படிந்து பயனில்லாமல் போகும். வாயின் மேல் விட்டு முழுதும் மூடி, 20 நிமிடம் கழித்துப் பம்பை ஓட்டுங்கள். சிறிய தொட்டியில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு போதும். அதிகமானால் பிஎச் ஏறிப் பவளங்கள் வாடும்.

தொட்டி முழுக்கப் பரவிவிட்டதா? பெர்கியா என்னும் ஓடில்லாக் கடல் நத்தைகளே நல்ல வழி. ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. ஆனால் வேலை முடிய மாதக்கணக்காகும், ராஸ் மீன்கள் இருந்தால் அவை நத்தையைத் தின்றுவிடும். பெப்பர்மின்ட் இறாலும் ஐப்டேசியாவைத் தின்னும், விலையும் மலிவு. வாங்கும்போது உற்றுப் பாருங்கள்: உடலில் வெள்ளைக் கோடுகளும் முதுகில் கூனும் இருந்தால் அது ஒட்டக இறால், பவளத்தையே கொறிக்கும்.