9,000 ரூபாய் மிச்சமா? விமான டிக்கெட் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். படிப்பதற்காக ஜெர்மனி போகிறான். திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு விமானம், சென்னையிலிருந்து பிராங்பர்ட்டுக்கு வேறொரு கம்பெனியின் விமானம், இரண்டும் தனித்தனி டிக்கெட். “மாமா, ஒரே டிக்கெட்டா எடுக்கிறதைவிட 9,000 ரூபாய் கம்மி!” பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2017-இல் இதே கணக்கைப் போட்டுத்தான் நானும் அம்மாவும் கோலாலம்பூரில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றோம்.

சொந்தத்தில் யார் விமானம் ஏறினாலும் டிக்கெட் போடும் வேலை என் தலையில்தான் வந்து விழும். அதனால் எல்லோருடைய தவறும் எனக்கு அத்துப்படி. பாஸ்போர்ட் காலாவதியைப் பார், ஊர்ப் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடு போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

இரண்டு டிக்கெட்டை ஒட்டுப்போடுவது

பெர்த்தில் தங்கைக்குப் பிரசவம். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு ஒன்று, அங்கிருந்து பெர்த்துக்கு வேறொன்று என்று எடுத்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்து 11,000 ரூபாய் மிச்சம். காலை 6:40-க்கு இறங்கி 9:50-க்கு அடுத்த விமானம். மூன்று மணி நேரம் தாராளம் என்று நினைத்தேன்.

திருச்சியில் விமானம் கிளம்பவே ஒரு மணி இருபது நிமிடம் தாமதம். எட்டு மணிக்கு இறங்கினோம். தனி டிக்கெட் என்பதால் பெட்டி நேராக அடுத்த விமானத்துக்குப் போகாது. இமிக்ரேஷன் வரிசையில் நின்று மலேசியாவுக்குள் நுழைந்து, பெல்ட்டில் பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கான அனுமதியை மட்டும் எப்படியோ முன்பே எடுத்து வைத்திருந்தேன். பெட்டி கைக்கு வரும்போது மணி 8:40.

அடுத்த விமானம் வேறு முனையத்தில். நாங்கள் இறங்கியது கேஎல்ஐஏ-2, ஏற வேண்டியது பழைய கேஎல்ஐஏ. நடுவில் ரயில் ஓடுகிறது. 2 ரிங்கிட், மூன்றே நிமிடப் பயணம். ஆனால் அந்த ரயில் வருவதற்குப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தோம். கவுண்டருக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது 9:10. செக்-இன் 8:50-க்கே மூடிவிட்டார்கள். விமானம் கண்ணெதிரே நிற்கிறது, ஏற முடியாது. அம்மா சுக்கும் பிரசவ மருந்தும் வைத்த பையைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவது கம்பெனியின் கணக்கில் நாங்கள் வராத பயணிகள், நோ ஷோ. முதல் விமானத்தின் தாமதம் அவர்கள் கவலை இல்லை. முதல் கம்பெனியைக் கேட்டால், “உங்களைக் கோலாலம்பூரில் இறக்கிவிட்டோமே” என்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் சட்டப்படி சரி. அன்று மாலை விமானத்துக்குப் புது டிக்கெட் இரண்டு எடுத்தேன், 46,000 ரூபாய். 11,000 மிச்சம் பிடிக்கப் போய் 46,000! இப்போது எழுதும்போதும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் அதற்கடுத்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டியது கம்பெனியின் பொறுப்பு. பெட்டியும் பெரும்பாலும் கடைசி ஊர்வரை போய்விடும். கூடுதலாகக் கொடுக்கும் காசு இதற்குத்தான்.

இதில் ஒரு கண்ணாமூச்சியும் இருக்கிறது. விலையை ஒப்பிடும் தளங்கள் தாங்களே இப்படி இரண்டு டிக்கெட்டை ஒட்டிக் காட்டும். ஓரமாகப் பொடி எழுத்தில் ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’ என்று போட்டிருக்கும், அதாவது விமானம் மாறுவது உங்கள் பாடு. பணம் கட்டினால் தளத்தின் புக்கிங் எண் ஒன்றுதான் வரும், ஆனால் உள்ளே பிஎன்ஆர் இரண்டு இருக்கும். கூட்டுக் கம்பெனிகள் என்றால் ஒரே டிக்கெட்டுக்கும் இரண்டு பிஎன்ஆர் வருவதுண்டு. அப்போது 13 இலக்க இ-டிக்கெட் எண்ணைப் பாருங்கள். இரண்டு பயணத்துக்கும் அதே எண் என்றால் ஒரே டிக்கெட்.

சரி, அக்கா மகன் கணக்குக்கு வருவோம். பிராங்பர்ட் விமானத்தில் 23 கிலோ பெட்டி இரண்டு கொண்டுபோகலாம். திருச்சி–சென்னை விமானத்தில் 15 கிலோதான். மீதி 31 கிலோவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். கிலோவுக்கு 400 என்று வைத்தாலே 12,400 ரூபாய். அந்த 9,000 எங்கே போயிற்று? இதில் சென்னையில் இடைவெளி இரண்டே மணி நேரம். “அதுக்கு முதல் நாளே ரயில்ல சென்னைக்கு வந்து சேர்ந்துடு, பெட்டிக்கும் இவ்வளவு காசு ஆகாது” என்றேன்.

இனிஷியலைக் குடும்பப் பெயராகப் போடுவது

நம் ஊர்ப் பாஸ்போர்ட் பலவற்றில் பெயர் முழுவதும் ‘கிவன் நேம்’ கட்டத்தில் இருக்கும், ‘சர்நேம்’ காலியாக இருக்கும். டிக்கெட் தளமோ அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் நகராது. உடனே கை தானாக ‘எஸ்’ என்றோ ‘கே’ என்றோ இனிஷியலைத் தட்டும். பாஸ்போர்ட்டில் இல்லாத எழுத்து டிக்கெட்டில் வரக் கூடாது. சில கம்பெனிகள் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சில ‘எல்என்யு’ (லாஸ்ட் நேம் அன்னோன், குடும்பப் பெயர் தெரியாது) என்று போடச் சொல்லும். அந்தந்தக் கம்பெனியின் தளத்திலேயே எழுதியிருப்பார்கள், படித்துவிட்டுப் போடுங்கள்.

துபாய்க்குச் சுற்றுலா போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களை வருகை விசாவில் அனுமதிப்பதில்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. பிறகு, இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று தளர்த்தியது.

நான்கு பேருக்கும் சேர்த்தே தேடுவது

விமானத்தில் ஒரே மாதிரி இருக்கைகளையே பல விலைப் படிகளாகப் பிரித்து விற்கிறார்கள். மலிவான படியில் மூன்று இடம்தான் மீதி இருக்கிறது, நீங்கள் நான்கு பேருக்குத் தேடுகிறீர்கள் என்றால், பெரும்பாலும் நான்கு பேருக்கும் அடுத்த படியின் விலையைத்தான் காட்டும். முதலில் ஒருவருக்குத் தேடிப் பாருங்கள், அப்புறம் இரண்டு, மூன்று. விலை எங்கே எகிறுகிறதோ அங்கே வெட்டி, 3 + 1 என்று எடுக்கலாம். சின்னக் குழந்தையை மட்டும் தனி பிஎன்ஆரில் போட வேண்டாம்.

முதல் பக்கத்து விலையை ஒப்பிடுவது

பெட்டி, இருக்கை, கன்வீனியன்ஸ் கட்டணம் எல்லாம் ஏறிய பிறகு, பணம் கட்டும் பக்கத்தில் வரும் விலையைத்தான் ஒப்பிட வேண்டும்.

இன்காக்னிட்டோவில் தேடுவது

பிரவுசரின் ரகசிய முறையில் தேடினால் விலை குறையும் என்பார்கள். தேடுங்கள். குறையாது.

நள்ளிரவு தாண்டிய விமானம்

பிராங்பர்ட் விமானம் 28-ஆம் தேதி 1:50-க்கு. அதாவது 27-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே மீனம்பாக்கத்துக்குக் கிளம்பிவிட வேண்டும். நேற்று அக்கா மகன் ரயில் டிக்கெட்டை அனுப்பியிருந்தான், “நீங்க சொன்ன மாதிரியே முதல் நாள் ரயில், மாமா” என்று. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ், 27 இரவு திருச்சியில் ஏறி 28 விடியற்காலை எழும்பூர். அதை ரத்து செய்துவிட்டு 27 காலைப் பல்லவனில் நானே போட்டுக் கொடுத்தேன்.