வீடியோ எடிட்டிங்குக்குக் கொம்பியூட்டர் வாங்க முன்னம் கமெரா கோப்பைத் திறந்து பாருங்கள்

கல்லடியில் இருந்துகொண்டு கலியாண வீடியோவும் கூத்து அரங்கேற்றமும் எடிட் பண்ணுகிறேன். "இருக்கிற காசுக்கு எதை வாங்கலாம் அண்ணா?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். பாகங்களைப் பூட்டுவதும் விண்டோஸ் போடுவதும் கடையிலேயே செய்து தருவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

படி 1: கோப்பு

நீங்கள் படம் பிடிக்கிற கமெராவிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து, மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறவுங்கள். எச்.264 ஆ எச்.265 ஆ (படத்தைச் சுருக்கும் முறை), 8 பிட்டா 10 பிட்டா (நிறத்தின் நுணுக்கம்), 4:2:0 வா 4:2:2 வா (நிற விவரம் எவ்வளவு பதிகிறது) என்று பாருங்கள். 8 பிட் 4:2:0 என்றால் கவலை வேண்டாம், இன்றைய நடுத்தரப் புரொசசர் எதுவும் இழுத்துவிடும். எச்.265, 10 பிட், 4:2:2 மூன்றும் சேர்ந்து வந்தால் அடுத்த படியை இரண்டு தரம் வாசியுங்கள்.

படி 2: புரொசசர்

நான் காசைத் தொலைத்த இடம் இது. இன்டெல் ஐ5-12400எஃப் எடுத்தேன். எஃப் இல்லாத 12400 ஐ விட விலை குறைவு, இரண்டுக்கும் வலு ஒன்றுதான்: 6 கோர், 12 த்ரெட். மிச்சக் காசுக்கு என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டும் போட்டேன். முதல் கலியாணம் வந்தது, கோப்பு எச்.265 10 பிட் 4:2:2. தாலி கட்டும் இடத்தில் இரண்டு கமெராக் காட்சியை அடுக்கிவிட்டுப் பிளே அழுத்தினால், மாப்பிள்ளையின் கை பாதியில் நிற்கிறது, கெட்டிமேளம் மட்டும் போகிறது. எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மனேஜரைத் திறந்தேன். புரொசசர் 100 வீதம். கிராபிக்ஸ் கார்டின் 'வீடியோ டிகோட்' கோடு பூச்சியத்தில் கிடக்கிறது.

காரணம் இதுதான். கமெரா இறுக்கிச் சுருக்கிய படத்தை விரிக்க, சிப்புக்குள் தனிப் பகுதி வேண்டும். இன்டெலில் அதற்குப் பெயர் குயிக் சிங்க்; அது உள்ளமைந்த கிராபிக்ஸோடு வருவது. எஃப் என்ற எழுத்து இருந்தால் அந்தக் கிராபிக்ஸே இல்லை. எச்.265 10 பிட் 4:2:2 ஐ இன்டெல் 11 ஆம் தலைமுறையிலிருந்து விரிக்கும். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்திய கார்டுகள் 4:2:2 ஐ விரிக்காது. என் 1650 சும்மா இருந்தது அதனால்தான். எஃப்பை விற்று 12400 ஐ அதே மதர்போர்டில் மாட்டினேன்.

அப்படியும் கோடு அசையவில்லை! தனிக் கார்டு இருந்தால் சில போர்டுகள் உள்ளமைந்த கிராபிக்ஸைத் தானே அணைத்துவிடும். பயோஸுக்குள் (விண்டோஸ் தொடங்க முன் திறக்கிற அமைப்புப் பக்கம்) போய் அதை இயக்க வேண்டும். பிறகு நான் எடிட் பண்ணும் மென்பொருளான பிரீமியரில் மீடியா அமைப்புக்குள் இன்டெல் டிகோடிங்குக்கு டிக் போட்டு, மூடித் திறக்க வேண்டும். அதன் பிறகுதான் மாப்பிள்ளையின் கை முடிச்சுப் போட்டது.

பிரீமியருக்கு மாதாமாதம் கட்ட முடியாதவர்களுக்கு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு இருக்கிறது. 8 பிட் வேலைக்கு, 3840 x 2160 அளவில் நொடிக்கு 60 பிரேம் வரை, அது தாராளம்.

படி 3: மற்றவை

ராம் 16 ஜிபி. இரண்டு 8 போட்டால் வேகம் கொஞ்சம் கூடும், ஆனால் மலிவுப் போர்டில் இரண்டே இடம். நான் ஒரு 16 ஐப் போட்டு, அடுத்த இடத்தை விட்டுவைக்கச் சொல்வேன். நாலு கலியாணம் முடிந்ததும் இன்னொரு 16 வாங்கலாம்.

விண்டோஸுக்கும் நடக்கிற வேலைக்கும் என்விஎம்இ எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க், முடிந்த வேலைக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க். நொடிக்கு 100 மெகாபிட்டில் பதிந்தால் மணிக்கு 45 ஜிபி. விடிய விடிய எட்டு மணி நேரக் கூத்தென்றால் 360 ஜிபி. கணக்குப் போட்டு வாங்குங்கள்.

கிராபிக்ஸ் கார்டைக் கடைசிக்கு வையுங்கள். அதற்கு முன் யூபிஎஸ், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் ஓட வைக்கிற பற்றரிப் பெட்டி. மாரியில் மட்டக்களப்பில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. சேவ் பண்ணி மூட ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும். லெப்டொப்பில் பற்றரி இருக்கிறது, உண்மைதான். ஆனாலும் மேசைக் கணினியில்தான் புரொசசரை மாற்ற முடிந்தது, அதையே நான் சொல்வேன்.

பின்சேர்க்கை

இதை வாசித்துவிட்டு ஏறாவூரிலிருந்து ஒரு தம்பி எழுதினார்: புது மெஷினில் எல்லாம் ஓடுகிறது, ஆனால் போனில் எடுத்த கூத்தில் போகப் போக மத்தளத்துக்கும் சதங்கைக் காலுக்கும் பொருந்தவில்லை. இது கொம்பியூட்டரின் பிழை அல்ல. போன் பிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பதிகிறது. கோப்பை ஹாண்ட்பிரேக் என்ற கோப்பு மாற்றும் மென்பொருளில் போட்டு, வீடியோ பக்கத்தில் மாறாத பிரேம் வேகத்தைத் தெரிவுசெய்து, மாற்றிய பிறகு எடிட்டருக்குள் கொண்டுபோங்கள். முழு இரவுப் பதிவு மாற நேரம் எடுக்கும், படுக்கப் போக முன் போட்டுவிடுங்கள்.