‘சொல்லுங்க’ வேறு, ‘டெல் மீ’ வேறு

வேலைக்குச் சேர்ந்த புதிதில் லண்டனிலிருந்து ஒரு வாடிக்கையாளர் போனில் கூப்பிட்டார். எடுத்ததும் நம் வழக்கப்படி “டெல் மீ” என்றேன். மறுமுனையில் இரண்டு நொடி சத்தமே இல்லை. அப்புறம் “டெல் யூ வாட்?” என்று கேட்டார். நமக்கு ‘சொல்லுங்க’ என்பது மரியாதை, கேட்கத் தயாராக இருக்கிறேன் என்று அர்த்தம். அதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கினால் போலீஸ் ஸ்டேஷன் விசாரணை மாதிரி ஆகிவிடுகிறது. அந்த இடத்தில் “ஹலோ” என்றாலே போதும். வேண்டுமானால் “ஹவ் கேன் ஐ ஹெல்ப்?” என்று சேர்த்துக்கொள்ளலாம்.

போனில் நடக்கும் இன்னொரு கூத்து, “ஐ ஆம் ஸ்பீக்கிங் குமார்”. ‘நான் குமார் பேசுறேன்’ என்பதைத்தான் சொல்ல வருகிறோம். ஆனால் ஸ்பீக் என்ற சொல்லை ஒட்டி வருவது பெரும்பாலும் ஒரு மொழி: ஸ்பீக் தமிழ், ஸ்பீக் ஹிந்தி. ஆக, குமார் என்ற மொழியில் பேசுகிறேன் என்று காதில் விழும். “திஸ் இஸ் குமார்” என்றால் முடிந்தது.

சரி, ஏன் இந்தக் குழப்பம்? தமிழில் ‘சொல்லு’ ஒன்றே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அம்மாவிடம் சொன்னேன், உண்மையைச் சொன்னேன், வரமாட்டேன் என்று சொன்னேன், நன்றி சொன்னேன். யாரிடம், எதை என்பதெல்லாம் பெயரோடு ஒட்டிய உருபிலேயே தெரிந்துவிடுவதால் வினைச்சொல் கவலைப்படுவதில்லை. ஆங்கிலத்தில் அந்த உருபு கிடையாது. அதனால் எந்த வினையைப் பிடித்தோம் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்து என்ன வரும் என்பது அமையும். டெல் என்றால் அடுத்து ஆள் வர வேண்டும். ஸே என்றால் சொன்ன விஷயம் வர வேண்டும். ஆளையும் சொல்லியே ஆக வேண்டுமென்றால் நடுவில் ஒரு ‘டு’ வேண்டும்.

இதைப் பிடித்துக்கொண்டால் பாதித் தவறு போய்விடும். “ஹி டோல்ட் தட் ஹி வோன்ட் கம்” என்று தினமும் கேட்கிறோம். டோல்ட் என்றதும் ஆங்கிலக் காது ‘யாரிடம்?’ என்று காத்திருக்கும். “ஹி டோல்ட் மீ” என்று ஆளைச் சேருங்கள், இல்லாவிட்டால் “ஹி ஸெட்” என்று மாற்றுங்கள். “ஹி ஸெட் மீ” என்பது இதே தவறைத் தலைகீழாகச் செய்வது. ‘அப்படிச் சொல்லாதீங்க’ என்பதற்கு “டோன்ட் டெல் லைக் தட்” என்கிறோம். “டோன்ட் ஸே தட்” என்பதுதான் வழக்கு. “வாட் ஹி இஸ் டெல்லிங்?” என்பதும் அப்படித்தான். “வாட் இஸ் ஹி ஸேயிங்?” என்று கேட்க வேண்டும்.

வீட்டில் குழந்தைகளுக்கு நாமே கற்றுக்கொடுக்கும் தவறு ஒன்று உண்டு. “ஆன்ட்டிக்கு ஹாய் சொல்லு” என்பதை “டெல் ஹாய் டு ஆன்ட்டி” என்று மொழிபெயர்க்கிறோம். அப்படியே “டெல் தேங்க்ஸ்”, “டெல் ஸாரி”. வாயிலிருந்து அப்படியே வரும் சொற்களுக்கு, அதாவது ஹலோ, பை, நோ, ஸாரி, தேங்க்ஸ் எல்லாவற்றுக்கும் ஸே தான்.

டெல்லுக்குச் சில விதிவிலக்குகள் உண்டு. டெல் எ லை, டெல் த ட்ரூத், டெல் எ ஸ்டோரி, டெல் த டைம் என்று ஆள் இல்லாமலும் வரும். மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் பின்னால் ஒரு சுவையான கதை இருக்கிறது. டெல் என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் எண்ணுதல் என்றும் பொருள். வங்கியில் பணம் எண்ணித் தருபவருக்கு டெல்லர் என்று பெயர் வந்தது அப்படித்தான். ‘மொத்தமாக’ என்பதற்கு “ஆல் டோல்ட்” என்கிறார்களே, அதிலும் அந்தப் பழைய எண்ணிக்கைதான் ஒளிந்திருக்கிறது. நம் ‘எண்ணு’ கணக்கையும் நினைப்பையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது, அவர்கள் சொல் கணக்கையும் பேச்சையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது.

போர்டு, கடிகாரம், செய்தித்தாள் இவற்றில் எழுதியிருப்பதைச் சொல்லவும் ஸே தான்: “த போர்டு ஸெஸ் நோ பார்க்கிங்”. தமிழில் போர்டு சொல்லாது, போர்டில் போட்டிருக்கும். அதனால்தான் இது நமக்குச் சட்டென்று வருவதில்லை.

ஸ்பீக், டாக் இரண்டுக்கும் இடையே பெரிய சண்டை இல்லை. மேடை, மொழி, கொஞ்சம் விறைப்பான இடம் என்றால் ஸ்பீக். திண்ணைப் பேச்சுக்கு டாக். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்பதற்கு மட்டும் “நாட் ஆன் ஸ்பீக்கிங் டெர்ம்ஸ்”, அங்கே டாக் போட முடியாது.

பெரிய தொல்லை, ஒத்த பொருள் தரும் சொற்களை அகராதியில் பார்த்து எடுப்பதில்தான். பள்ளியில் ‘ஸெட் என்றே எழுதிக்கொண்டிருக்காதே, வேறு சொல் போடு’ என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கூறு, உரை, பகர், செப்பு என்று நம்மிடமும் வரிசையாக உண்டு. அதற்காகப் பக்கத்து வீட்டுக்காரர் பகர்ந்தார் என்று யாராவது எழுதுகிறோமா? ஆங்கிலத்தில் இன்னும் ஆபத்து, ஒவ்வொரு சொல்லும் தனக்கென்று ஒரு சாயலை வைத்திருக்கிறது. க்ளெய்ம் என்றால் சொல்பவர் சொல்கிறார், நம்புவது உங்கள் பாடு என்ற தொனி. அட்மிட் என்றால் மறைக்கப் பார்த்ததை ஒப்புக்கொண்டார் என்று ஆகும். “மேனேஜர் அட்மிட்டட் தட் ஸாட்டர்டே இஸ் எ ஹாலிடே” என்று ஒரு மெயிலில் பார்த்தேன். பாவம், மேனேஜர் என்ன குற்றம் செய்தார்?

எக்ஸ்ப்ளெயின், சஜெஸ்ட், மென்ஷன் மூன்றும் ஸே கட்சி. ஆள் நேராக ஒட்டாது. “எக்ஸ்ப்ளெயின் மீ” இல்லை, “எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ”. “சஜெஸ்ட் மீ எ குட் டாக்டர்” என்று கேட்பதில் அந்த ‘மீ’யை எடுத்துவிடுங்கள். இன்ஃபார்ம் மட்டும் டெல் பக்கம்: “இன்ஃபார்ம் ஹிம்” சரி, “இன்ஃபார்ம் டு ஹிம்” தவறு. டிஸ்கஸ் என்பதற்குள்ளேயே ‘பற்றி’ அடங்கியிருக்கிறது, அதன்பின் அபவுட் வேண்டாம்.

கடைசியாக இன்டிமேட். “கைண்ட்லி இன்டிமேட் அஸ்” இல்லாத அலுவலகக் கடிதம் நம் ஊரில் அபூர்வம். இங்கே அது தெரிவிப்பது என்று புழங்கிவிட்டது, யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். பிரிட்டனில் அதே வினைச்சொல்லுக்கு ஜாடையாகச் சொல்வது என்று பொருள். பெயரடையாக வந்தாலோ நெருக்கமான உறவைக் குறிக்கும். வெளிநாட்டுக்குப் போகும் மெயிலில் “ப்ளீஸ் லெட் அஸ் நோ” என்று போட்டுவிடுங்கள்.