வெளிமாநிலத்தில் எம்.பி.பி.எஸ்.: நீட் ரிசல்ட்டுக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலைகள்

வெளிமாநில மருத்துவக் கல்லூரியில் சேர நினைக்கும் தமிழ்நாட்டு மாணவர்கள் பெரும்பாலும் ரேங்க் கைக்கு வந்த பிறகுதான் கலந்தாய்வைப் பற்றி விசாரிக்கிறார்கள். அது தாமதம். கல்லூரி ஒதுக்கீடு வெளியான பின் போய்ச் சேர ஒரு வாரம் கிடைத்தாலே பெரிது. அந்த வாரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தால், நல்ல ரேங்க் இருந்தும் சீட் கைநழுவும். மே மாதம் தேர்வு முடிந்து, ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களே சான்றிதழ்களைச் சேர்க்கச் சரியான காலம்.

முதலில் எந்த இடங்களுக்கு நீங்கள் போட்டியிட முடியும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக ஒரு மாநிலத்தின் அரசு மருத்துவக் கல்லூரிகளில் 85 சதவீத இடங்கள் அந்த மாநிலத்தாருக்கு. மீதி 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீடு. இதை டெல்லியில் உள்ள மருத்துவக் கலந்தாய்வுக் குழு, அதாவது எம்.சி.சி., ஆன்லைனில் நிரப்புகிறது. எய்ம்ஸ், ஜிப்மர், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றுக்கும் இதே எம்.சி.சி.தான். எய்ம்ஸுக்கும் ஜிப்மருக்கும் 2020 முதல் தனி நுழைவுத் தேர்வு கிடையாது. இவை தவிர, தனியார் கல்லூரி இடங்களில் ஒரு பகுதியைச் சில மாநிலங்கள் வெளியாருக்கும் திறந்து வைத்திருக்கின்றன. கர்நாடகத்துக்கு அதன் தேர்வு ஆணையமான கே.இ.ஏ., புதுச்சேரி நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அதன் சேர்க்கைக் குழுவான சென்டாக் என்று அங்கங்கே தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. 69 சதவீத இடஒதுக்கீடும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் மட்டுமே செல்லும். அரசுப் பள்ளியில் படித்தவருக்கு எம்.சி.சி.யில் எந்தச் சலுகையும் இல்லை. அதனால் வெளிமாநிலம்தான் ஆசை என்றாலும் தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கும் கட்டாயம் விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

ஓ.பி.சி. சான்றிதழ்: அதிகம் பேர் தடுக்கி விழும் இடம்

பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் கடைசி நேரத்தில் தவிக்கிறார்கள். எம்.சி.சி. அந்தச் சான்றிதழை ஏற்காது. அகில இந்திய ஒதுக்கீட்டில் 2021 முதல் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு (ஓ.பி.சி.) 27 சதவீதம் உண்டு, ஆனால் அது மத்திய அரசுப் பட்டியலில் உள்ள சாதிகளுக்குத்தான். மாநிலப் பட்டியலும் மத்தியப் பட்டியலும் ஒன்றல்ல. தேசிய பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் இணையதளத்தில் தமிழ்நாட்டுப் பட்டியலைத் திறந்து, உங்கள் சாதிப் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு இ-சேவை மையத்தில், மத்திய அரசு படிவத்தில் 'கிரீமி லேயர் அல்ல', அதாவது பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவு அல்ல, என்ற ஓ.பி.சி. சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று கை மாறி வர வேண்டும், ஆகவே இரண்டு மூன்று வாரம் ஒதுக்குவது நல்லது. நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்கட்டும்.

வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். இதைத் தவறாகப் புரிந்துகொண்டு விண்ணப்பிக்காமலே விடும் குடும்பங்கள் ஏராளம். பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் இந்த 8 லட்சத்தில் சேராது. மற்ற வருமானங்களைத்தான் பார்ப்பார்கள். ஆனால் அரசு வேலையில் இருந்தால் பெற்றோர் வகிக்கும் பதவியின் நிலை தனியாகக் கணக்கில் வரும். நேரடியாகக் குரூப் ஏ எனும் உயர்நிலை அரசுப் பணியில் சேர்ந்தவரின் பிள்ளைக்கு இந்தச் சான்றிதழ் கிடைக்காது. இந்த விதிகள் 1993 செப்டம்பர் 8 தேதியிட்ட மத்திய அரசின் அலுவலகக் குறிப்பாணையில் இருக்கின்றன. சம்பளச் சீட்டைப் பார்த்ததும் தாலுகா அலுவலகத்தில் மறுத்தால், அந்தக் குறிப்பாணையின் நகலைக் காட்டிப் பேசுங்கள்.

பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5 சதவீதம். அருந்ததியர் உள் ஒதுக்கீடு தமிழ்நாட்டோடு சரி, எம்.சி.சி.யில் எஸ்.சி. என்றே பதிய வேண்டும்.

இனிஷியல் செய்யும் குழப்பம்

பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் 'கார்த்திகா எஸ்', ஆதாரில் 'கார்த்திகா செல்வராஜ்', நீட் விண்ணப்பத்தில் 'எஸ் கார்த்திகா'. நமக்கு மூன்றும் ஒரே பெண். இனிஷியல் பழக்கம் இல்லாத ஊரில், சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு அவை மூன்று பெயர்கள். அப்பா பெயரிலும் இதே கதைதான்: ஒன்றில் 'எம் செல்வராஜ்', இன்னொன்றில் 'மாரிமுத்து செல்வராஜ்'. ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் ஆங்கிலத்தில் உறுதிமொழி எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எந்தெந்த ஆவணத்தில் பெயர் எப்படி இருக்கிறதோ, அதை எழுத்து மாறாமல் அதில் குறிப்பிட வேண்டும். ஒரு வருடம் விட்டு மறுபடி நீட் எழுதியவர்கள், இடைப்பட்ட காலத்தில் வேறெங்கும் சேரவில்லை என்ற உறுதிமொழியையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளலாம்.

மற்றவை: நீட் ஹால் டிக்கெட், ஸ்கோர் கார்டு, பத்தாம் வகுப்பு மற்றும் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், டி.சி., வேறு பல்கலைக்கழகத்தில் சேரத் தேவைப்படும் மைக்ரேஷன் சான்றிதழ், ஆதார், மருத்துவத் தகுதிச் சான்று, நீட் விண்ணப்பத்தில் ஒட்டிய அதே போட்டோவில் பத்துப் பிரதிகள். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்கள் மைக்ரேஷன் சான்றிதழை அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் கேட்டு வாங்க வேண்டும், பள்ளியில் தர மாட்டார்கள். தமிழில் மட்டும் இருக்கும் எந்தச் சான்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு கையில் இருக்கட்டும். சேர்ந்ததும் அசல்களைக் கல்லூரி வாங்கி வைத்துக்கொள்ளும், எனவே ஐந்து செட் ஜெராக்ஸும் நல்ல ஸ்கேனும் எடுக்காமல் கொடுக்காதீர்கள்.

பதிவும் பணமும்

அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு எம்.சி.சி. வாங்கிவந்த தொகை இது: பொதுப்பிரிவுக்குப் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய், திருப்பித் தரப்படும் டெபாசிட் 10,000. எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு இதில் பாதி. நிகர்நிலைக்கு எல்லோருக்கும் 5,000 கட்டணம், 2 லட்சம் டெபாசிட். இரண்டுக்கும் பதிபவர் நிகர்நிலைத் தொகையை மட்டும் கட்டினால் போதும். டெபாசிட் எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதே கணக்குக்குத்தான் திரும்பும். பிரவுசிங் சென்டர்காரரின் கார்டில் கட்டிவிட்டு, மாதங்கள் கழித்து அவரைத் தேடி அலைய வேண்டாம்.

நிகர்நிலையில் சாதி அடிப்படையிலான இடஒதுக்கீடு இல்லை, கட்டணமோ ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும் இடங்கள் உண்டு. விடுதி, மெஸ், புத்தகம் எல்லாம் தனி. முழுப் படிப்புக்கும் பணம் வரும் வழி தெரியாமல் அந்தப் பட்டியலைத் தொட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. முதல் வருடம் கட்டிவிட்டு இரண்டாம் வருடம் வீட்டை அடகு வைக்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாது.

விருப்பப் பட்டியல்

முந்தைய ஆண்டின் சுற்றுவாரி ஒதுக்கீட்டு முடிவுகள் எம்.சி.சி. தளத்தில் பி.டி.எஃப். ஆக இருக்கும். அதில் ரேங்க், கல்லூரி, ஒதுக்கப்பட்ட பிரிவு எல்லாம் வரிசையாக வரும். உங்கள் பிரிவில் ஒவ்வொரு கல்லூரியும் கடைசியாக எந்த ரேங்க்கில் முடிந்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணை வைத்து ஒப்பிடாதீர்கள். வினாத்தாள் கடினத்தைப் பொறுத்து அது ஏறி இறங்கும்.

பட்டியலை எழுதும்போது 'கிடைக்குமா' என்று யோசிக்கக் கூடாது, 'எது அதிகம் வேண்டும்' என்றுதான் யோசிக்க வேண்டும். கணினி உங்கள் முறை வந்ததும் மேலிருந்து கீழாகப் பார்த்து, முதலில் காலியாக இருப்பதைத் தரும். கிடைக்காத கல்லூரியை மேலே போட்டதால் கீழே உள்ளது பறிபோகாது. ஆனால் எளிதில் கிடைக்கும் ஒன்றை மேலே போட்டுவிட்டால் அதோடு முடிந்தது. சென்னை, மதுரை உட்பட நம் அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத இடங்களும் இதே பட்டியலில் இருக்கின்றன, அவற்றையும் சேருங்கள். நாக்பூர், மங்களகிரி, பீபிநகர் போன்ற எய்ம்ஸ்களில் கட்டணம் சில ஆயிரங்களில் முடியும். ஒவ்வொரு சுற்றுக்கும் பட்டியலைப் புதிதாக நிரப்ப வேண்டும். பழையது தானாகத் தொடராது.

முதல் சுற்றில் வந்த இடம் பிடிக்காவிட்டால் சேராமல் விடலாம், நஷ்டமில்லை. இரண்டாம் சுற்றில் வந்ததை விட்டால் டெபாசிட் போகும். மூன்றாம் சுற்றில் டெபாசிட்டோடு அடுத்த சுற்றுக்கான வாய்ப்பும் போகும். ஆகவே இரண்டாம் சுற்றிலிருந்து, போகவே மாட்டோம் என்று தெரிந்த கல்லூரியை எழுதாதீர்கள். முதல் சுற்றில் சேர்ந்து 'அப்கிரேடு வேண்டும்' என்று சொன்னவருக்கு மேலான இடம் வந்துவிட்டால், பழைய இடம் அந்த நொடியே வேறொருவருக்குப் போய்விடும். திரும்பிப் போக முடியாது. இந்த விதிகளைச் சில ஆண்டுகளில் மாற்றுகிறார்கள், அந்த ஆண்டின் தகவல் கையேட்டை முழுதாகப் படித்துவிட்டே பதியுங்கள்.

போய்ச் சேருவது

நேரில் போய்ப் பணம் கட்டினால் மட்டும் சேர்க்கை முடிந்ததாகாது. கல்லூரி உங்கள் சேர்க்கையை எம்.சி.சி. தளத்திலேயே பதிந்து, அங்கிருந்து வரும் கடிதத்தைத் தர வேண்டும். அது கையில் வராமல் அலுவலகத்தை விட்டு நகராதீர்கள். கட்டணத்தை டி.டி.யாகக் கேட்கிறார்களா, ஆன்லைனிலா என்று முன்னரே போன் செய்து கேளுங்கள். ரயிலுக்குத் தட்கல் முந்தைய நாள்தான் திறக்கும்: ஏ.சி.க்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பாவது அந்த ஊரில் இருக்கும்படி கிளம்புங்கள்.

சேரும்போது கையெழுத்திடும் பாண்டில், அதாவது ஒப்பந்தப் பத்திரத்தில், இரண்டு விஷயங்கள் இருக்கும்: படிப்பை இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், முடித்த பின் அந்த மாநிலத்தில் எத்தனை காலம் வேலை செய்ய வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் இது பெரிதும் வேறுபடும். பட்டியல் போடும் முன்பே கல்லூரித் தளத்தில் தேடிப் படித்துவிட்டால், மேசைமுன் நின்று திகைக்க வேண்டியிருக்காது.

வகுப்பு ஆங்கிலத்தில்தான். ஆனால் வார்டில் நோயாளி பேசுவது கன்னடமோ மராத்தியோ இந்தியோதான். வலி எங்கே, எத்தனை நாளாக, காய்ச்சல் ராத்திரியில் ஏறுகிறதா, சாப்பிட்டதும் கூடுகிறதா என்று கேட்டுப் பதிலைப் புரிந்துகொள்ளாமல் கேஸ் எழுத முடியாது. சேர்க்கைக்கும் வகுப்புக்கும் நடுவில் கிடைக்கும் நாட்களில் அந்த மொழியின் எண்கள், உடல் உறுப்புகளின் பெயர்கள், நேற்று, போன வாரம், இரண்டு மாதம் என்ற காலக்கணக்குகளை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுங்கள்.