பெங்களூரு, ஒசூர் பக்கத்து எக்ஸ்போர்ட் கன்டெய்னரை ரயில்ல சென்னைக்கு அனுப்புறது எப்படி

நாட்டோட முதல் ஐசிடி (துறைமுகத்துக்கு வெளில, உள்நாட்டுல கஸ்டம்ஸ் வசதியோட இருக்கற கன்டெய்னர் டிப்போ) 1981ல பெங்களூருலதான் வந்துச்சு, இப்ப வைட்ஃபீல்டுல ரயில்வேயோட கன்டெய்னர் கம்பெனி கான்கார் நடத்துது. இருந்தும் அந்தப் பக்கம் ஃபேக்டரி வச்சிருக்கறவங்க பல பேரு டிரெய்லர்லயேதான் சென்னைக்கு ஏத்துறாங்க, கேட்டா ரயிலு லேட்டாகும்பாங்க.

மொதல்ல கணக்கு. ரோட்டுல கிட்டத்தட்ட 350 கிமீ, லோடு வண்டி லிட்டருக்கு 3.5 குடுக்குதுன்னு வைங்க, 100 லிட்டர் டீசல். லிட்டருக்கு சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடுன்னா ஒரு டிரிப்புக்கு 270 கிலோ, இதுல வண்டி காலியா திரும்புறதும் துறைமுக கேட்டுல இன்ஜினை ஓட விட்டுட்டு லைன்ல நிக்கறதும் சேரல. 45 வேகன் ரேக்கு, அதாவது ஒரு முழு சரக்கு ரயிலு, 90 இருபதடிப் பெட்டிய ஒரே தடவைல இழுத்துட்டுப் போயிடும், அதுவும் கரண்ட்டு லைன். அந்தக் கரண்ட்டும் பெரும்பாலும் நிலக்கரிதான், அதனால ஜீரோ பொல்யூஷன்னு பையர்கிட்ட அளந்து விடாதீங்க, டன்னுக்கு வர்ற கார்பன் ரொம்பக் கம்மி, அவ்ளோதான்.

புக்கிங் போடும்போதே ஃபார்வர்டர்கிட்ட (சரக்கு அனுப்பி வைக்கற ஏஜென்ட்) பிளேஸ் ஆஃப் ரிசீப்ட், அதாவது சரக்கை ஒப்படைக்கற இடம், ஐசிடி வைட்ஃபீல்டுன்னு சொல்லிடுங்க. அதைவிட முக்கியம் எம்ப்டி, அதாவது நீங்க லோடு பண்ணப் போற காலிப் பெட்டி. இம்போர்ட் சரக்கு இறக்கின பெட்டி அங்கயே கெடக்கும், அதையே எடுக்கற மாதிரி பேசுங்க, ஏன்னா எம்ப்டி சென்னைல இருந்து ரோட்டுல வந்துச்சுன்னா மிச்சம் புடிச்சதுல பெரும்பகுதி அங்கயே போச்சு. நாற்பதடி வேணும்னா முன்கூட்டியே கேட்டு வைங்க.

ஷிப்பிங் பில் (கஸ்டம்ஸ்கிட்ட குடுக்கற எக்ஸ்போர்ட் பேப்பர்) ஐசிடி பேர்லயே போடணும், கஸ்டம்ஸ் எல்இஓ (ஏத்துமதிக்கு அனுமதி ஆர்டர்) அங்கயே கெடைக்கும். சீல் சரியா இருந்தா சாதாரணமா சென்னைல திறக்க மாட்டாங்க, அதனால பேப்பர்ல இருக்கற சீல் நம்பரைப் பெட்டியோட ஒரு தடவை ஒத்துப் பாருங்க, ஒரு டிஜிட் மாறினாலும் தலைவலி.

லேட்டாகும்ங்கறது பாதி உண்மை. ரேக்கு நிரம்பினாத்தான் கெளம்பும், அதனால வெசல் கட்-ஆஃப்ல (கப்பலுக்குப் பெட்டிய ஒப்படைக்கக் கடைசி நேரம்) இருந்து பின்னாடி எண்ணி ரெண்டு மூணு நாள் கையில வச்சு, எந்த டெர்மினலுக்கு என்னிக்கு ரேக்குன்னு கேட்டுட்டு சரக்கை ரெடி பண்ணுங்க. ராணிப்பேட்டைல இருக்கறவங்க மேற்கால வைட்ஃபீல்டு வரை போயி ரயில் ஏத்துறது வெட்டி வேலை, நேரா ரோட்டுலயே போங்க.

பையர் கார்பன் கணக்கு கேட்டா ஃபேக்டரில இருந்து ஐசிடி வரைக்கும் ஓடின லாரி கிமீயைத் தனியா எழுதிக் குடுங்க. அதையும் ரயில் கணக்குலயே சேத்துடறவங்க இருக்காங்க, ஆடிட்டர் மொதல்ல அதைத்தான் பிடிப்பாரு.