இரண்டு முறை மின்னும் விளக்கு: பழைய எபிசோடைத் தியேட்டரில் பார்த்துவிட்டுப் பேசுவது எப்படி

2007 நவம்பரில் அமெரிக்கத் தியேட்டர்களில் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளி டிவி கதையின் முதல் தொடரிலிருந்து ‘தி மெனாஜரி’ என்ற இரண்டு பகுதி எபிசோடைப் பெரிய திரையில் போட்டார்கள். அப்போது நான் அங்கே வேலையில் இருந்தேன். ஆறு பேராகப் போனோம். ஐந்து பேர் அந்தத் தொடரை வசனத்தோடு ஒப்பிக்கக்கூடியவர்கள். ஆறாவது, நண்பனின் அக்கா. ஒரு எபிசோடுகூடப் பார்த்ததில்லை, தம்பி கூப்பிட்டான் என்று வந்தவர். படம் முடிந்து வெளியே நின்று பேசியதில் முதல் அரை மணி நேரத்தை நாங்கள் ஐந்து பேரும் பாழாக்கினோம். அதற்குப் பிறகு அக்கா பேசியதுதான் இன்றுவரை எனக்கு நினைவில் இருக்கிறது. பிறகு எத்தனையோ பழைய எபிசோடுகளைக் கூட்டமாகப் பார்த்துப் பேசியாகிவிட்டது. இங்கே எழுதுவதெல்லாம் அந்த இரவில் தொடங்கிய பாடம். கதையின் முடிவையும் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

முதலில் ஆள் சேர்ப்பது. தொடரையே அறியாத ஒருவராவது உங்களுடன் இருக்க வேண்டும். அவருக்கு முன்கதை சொல்கிறேன் என்று உட்கார வைத்துப் பாடம் எடுக்காதீர்கள். கிர்க் கப்பலின் கேப்டன், ஸ்பாக் அவருக்கு அடுத்த நிலை அதிகாரி, மெக்காய் டாக்டர். இது போதும். இரண்டு விஷயங்களை மட்டும் கூடுதலாகச் சொல்லி வையுங்கள். ஒன்று, இது 1966-இல் வீட்டு டிவிக்காக எடுத்தது, அதனால் படம் 4:3 அளவில்தான் இருக்கும், திரையின் இரு பக்கமும் கருப்பாக விட்டிருப்பார்கள். இன்னொன்று, திடீரென்று இசை உயர்ந்து, ஒரு முகத்தில் நின்று, திரை இருளும். அது விளம்பரத்துக்கு விட்ட இடம். தெரியாதவருக்கு அது ‘ஏன் இப்படி அடிக்கடி முடிகிறது?’ என்று உறுத்தும். தெரிந்துவிட்டால், எந்த இடத்தில் நம்மை நிறுத்தி வைத்தார்கள் என்பதே ரசிக்க ஒரு விஷயமாகிவிடும்.

உங்களுக்கு நூறு தடவை பார்த்த எபிசோடாக இருந்தால், போவதற்கு முந்தின வாரம் வீட்டில் மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். கொஞ்சம் மறந்த நிலையில் போனால்தான் கண் வேலை செய்யும்.

உள்ளே உட்கார்ந்ததும் பெரிய திரை மட்டுமே காட்டக்கூடியதைத் தேடுங்கள். தொடரை 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்தார்கள். அன்றைய டிவி பெட்டி காட்டியதைவிடப் பல மடங்கு விவரம் அந்த ஃபிலிமில் இருக்கிறது. மனிதர் மனதில் மாயைகளைக் காட்டக்கூடிய டாலோஸ் கிரகத்தவர்களின் பெரியவருடைய மண்டையில் நரம்பு துடிப்பது, வேடத்துக்குள் இருக்கும் நடிகை மெக் வைலியின் கண் அசைவு, கதைக்குள் வரும், முன்பே எடுத்து வைத்திருந்த பழைய காட்சிகளில் சீருடைத் துணியின் நிறம் வேறாக இருப்பது, எல்லாம் தெரியும். ஸ்பாக் நீலநிறத் தாவரத்தின் ரீங்காரத்தைக் கேட்டு முகம் மலர்ந்து புன்னகைக்கும் ஒரு நொடி வரும். அரங்கமே கலகலக்கும். ஸ்பாக் சிரிக்க மாட்டார் என்பது அப்போது இன்னும் முடிவாகவில்லை.

இந்தக் கதையைத் தியேட்டரில் பார்ப்பதில் தனியாக ஒரு சுகம் உண்டு. பாதிக் கதை, தடைசெய்த டாலோஸுக்குக் கப்பலைத் திருப்பிய ஸ்பாக்கை விசாரிக்கும் அறைக்குள் நடக்கிறது. கிர்க்கும் மற்றவர்களும் உட்கார்ந்து ஒரு திரையைப் பார்க்கிறார்கள், அதில் பழைய நிகழ்ச்சி ஓடுகிறது. இருட்டில் நாம் திரையைப் பார்க்கிறோம், திரையில் இருப்பவர்களும் திரையைப் பார்க்கிறார்கள். முதல் பகுதியின் முடிவில் திரையை நிறுத்தச் சொல்கிறார்கள். மீதியையும் பார்க்க விடுங்கள் என்று ஸ்பாக் கெஞ்சுகிறார். வீட்டு டிவியில் பார்த்தபோது இது என் மண்டையில் ஏறவே இல்லை.

சரி, வெளியே வந்தாயிற்று. இப்போதுதான் கவனம் தேவை.

அன்றே, உடனே பேசுங்கள். மறுநாள் பேசினால் கண்ணில் பட்டது போய், ஏற்கெனவே இருந்த கருத்துதான் மிஞ்சும். தொடரைத் தெரியாதவர்தான் முதலில் பேச வேண்டும். கதை எப்படி என்று அவரிடம் கேட்காதீர்கள், ‘நல்லா இருந்தது’ என்று முடித்துவிடுவார். ‘எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்?’ என்று கேளுங்கள். தெரிந்தவர்கள் கால் மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது. திருத்தவும் கூடாது. பெயரைத் தப்பாகச் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

இதைத்தான் நாங்கள் அன்று செய்யவில்லை. 1964-இல் எடுக்கத் தொடங்கிய ‘தி கேஜ்’ என்ற முதல் மாதிரி எபிசோடை என்பிசி டிவி நிறுவனம் வேண்டாமென்றது, வாராவாரம் எபிசோடு தரமுடியாமல் திணறிய நேரத்தில் அந்தப் படச்சுருளையே எடுத்து, சுற்றிலும் புதுக் கதை கட்டி இரண்டு பகுதியாக்கினார்கள், அது 1967-இல் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது வாங்கியது என்று ஒருவர் மாற்றி ஒருவர் கொட்டினோம். எல்லாம் உண்மைதான். அக்கா தலையாட்டிக்கொண்டே நின்றார். கடைசியில் யாரோ மூச்சு வாங்கிய இடைவெளியில் கேட்டார்: “அந்த நாற்காலியில் இருக்கிறவர் இல்லை இல்லைன்னே சொல்றாரே, ஏன் யாரும் கேட்கலை?”

கிர்க்குக்கு முன் அந்தக் கப்பலின் கேப்டனாக இருந்த பைக் விபத்தில் உடல் முழுக்கச் செயலிழந்தவர். கழுத்துவரை மூடிய சக்கர நாற்காலி, முன்னால் ஒரு விளக்கு. ஒரு முறை மின்னினால் ஆமாம், இரண்டு முறை மின்னினால் இல்லை. அவ்வளவுதான் அவருடைய மொழி. ஸ்பாக் தன் திட்டத்தைச் சொல்கிறார்: பைக்கை டாலோஸுக்குக் கொண்டுபோகப் போகிறார், அங்கே மாயையிலாவது நலமான உடலோடு வாழலாம். அந்தக் கிரகத்துக்குப் போனால் மரண தண்டனை. விளக்கு இரண்டு முறை மின்னுகிறது. மறுபடி இரண்டு. ஸ்பாக் கேட்பதாக இல்லை. பிறகு மெக்காய் வந்து, இவர் இல்லை இல்லை என்கிறார், எதற்கு இல்லை என்று தெரியவில்லையே என்று தவிக்கிறார்.

அக்காவின் வேலை பேச்சிழந்த நோயாளிகளுக்குப் பயிற்சி தருவது. ஆமாம், இல்லை மட்டும் சொல்ல முடிந்த ஒருவரிடம் பேசும்போது முழுப் பொறுப்பும் கேட்பவருடையது என்றார். சரியான கேள்வி வரும்வரை அவர் காத்துக்கிடப்பார். இந்தக் கதையில் சரியான கேள்வி கடைசியில்தான் வருகிறது. ‘அங்கே போக விரும்புகிறீர்களா?’ என்று கிர்க் கேட்கிறார். ஒரே ஒரு மின்னல்.

அப்புறம் பிடித்துக்கொண்டது பேச்சு. நாங்கள் தமிழில் பேசிக்கொண்டிருந்ததும் ஒரு காரணம். விளக்கு சொல்லும் ‘இல்லை’ ஆங்கிலத்தில் ‘நோ’ என்ற ஒரே சொல். தமிழில் சொல்லும்போது எதையாவது தேர்ந்தெடுத்தாக வேண்டும். அந்த இரண்டு மின்னல் ‘வேண்டாம்’ என்பதா? ‘முடியாது’ என்பதா? ஒருவன் ‘வேண்டாம்’ என்றான், பைக்குக்குப் பொய்யான வாழ்க்கை பிடிக்கவில்லை என்பது அவன் கட்சி. அக்கா, “அது ‘கூடாது’. எனக்காக நீ சாகக் கூடாதுன்னு சொல்றார்” என்றார். அப்படியானால் விசாரணைக் குழுவில் ஒருவரான பைக் ஏன் ஸ்பாக் குற்றவாளி என்றே வாக்களித்தார்? அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. அன்று முதல், எந்த எபிசோடாக இருந்தாலும், ஒரு முக்கிய வசனத்தை எடுத்து இதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று கூட்டத்தில் கேட்பது என் வழக்கமாகிவிட்டது. செய்து பாருங்கள், கருத்து வேறுபாடு எங்கே இருக்கிறது என்பது உடனே தெரிந்துவிடும்.

தெரிந்தவர்கள் தகவலே சொல்லக் கூடாதா என்றால், சொல்லலாம். கேள்வி வந்த பிறகு, கேள்விக்குப் பதிலாக. காயமுற்ற பைக்காக நடித்தவர் ஷான் கென்னி, இளைய பைக் ஜெஃப்ரி ஹன்டர். ‘முகம் வேறு மாதிரி இருந்ததே’ என்று யாராவது கேட்டால் அப்போது இது பயன்படும். இன்னொன்று எனக்குப் பிடித்தது. டாலோஸ் பெரியவருக்குக் குரல் கொடுத்தவர் மலாக்கி த்ரோன். அவரே இதில் அதிகாரி மென்டஸாகவும் நடித்தார், அதனால் பெரியவரின் குரலை மின்னணு முறையில் மாற்றினார்கள். கப்பலில் இருந்த மென்டஸ், டாலோஸ்காரர்கள் காட்டிய மாயை என்று கடைசியில் தெரிகிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் பேச்சு தானாக ஓடும்.

2006-இலிருந்து வந்த புதுப்பித்த பதிப்பில் விண்வெளிக் காட்சிகளைக் கணினியில் புதிதாகச் செய்தார்கள். இது சரியா தவறா என்ற சண்டை ஓர் இரவையே விழுங்கும். அதற்குக் கடைசிப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், முன்னால் எடுக்கவே எடுக்காதீர்கள். கப்பல் தளத்தில் பெண் இருப்பது பழகவில்லை என்று பைக் சொல்வது மாதிரி இடங்களை மழுப்ப வேண்டாம். அது உறுத்துகிறது என்று ஒருவர் சொன்னால், அந்தக் காலம் அப்படி என்று வாயை அடைக்காமல் கேளுங்கள்.

இரண்டு பகுதிக் கதை என்றால், முதலில் ஒளிபரப்பானபோது பார்த்தவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பிறகு வந்த ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரின் ‘தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்’ முதல் பகுதி 1990 ஜூன் 18, இரண்டாம் பகுதி செப்டம்பர் 24. 2013 ஏப்ரலில் இரண்டையும் சேர்த்து ஒரே படமாகத் தியேட்டரில் போட்டபோது, நடுவிலிருந்த மூன்று மாதம் காணாமல் போனது. அந்த மூன்று மாதம் கேப்டன் பிகார்டின் கதி என்னவென்று தெரியாமல் இருந்தவர்கள் சொல்லிக் கேட்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை, வீட்டுக்குப் போய்த் தனியாகச் செய்வது. ‘தி கேஜ்’ முழுவதையும் போட்டுப் பாருங்கள். நலமான உடலோடு பைக், டாலோஸில் வாழும் வீனா என்ற பெண்ணின் கையைப் பிடித்துப் பாறைக்குள் இருக்கும் லிஃப்டை நோக்கி நடக்கும் காட்சி அதிலும் வரும், அதே காட்சி. அங்கே அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது பைக்கேதான், மாயையோடு வாழப்போவது வீனா மட்டும். ‘மெனாஜரி’யில் அதைப் பார்ப்பது கிர்க். அக்கா இதை மறுநாள் பார்த்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு எனக்கு ஃபோன் செய்தார்.