லாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆர்.சி.யைக் கேளுங்கள்

அரசாங்கக் காகிதத்தில் நான் மோட்டார் வாகன ஆய்வாளர். தண்டையார்பேட்டையில் பிரேக் இன்ஸ்பெக்டர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை டீக்கடைகளில் 'பிரேக்கு மேடம்'. வடசென்னையில் கன்டெய்னர் டிரெய்லர்களைச் சோதிக்கக் குழுவை அழைத்துக்கொண்டு பல ராத்திரிகள் நின்றிருக்கிறேன். போன வாரம் எங்கள் துறையில் இளையவர் ஒருவர், முதல் தடவையாகக் குழுவுக்குத் தலைமை ஏற்கப் போகிறவர், "மேடம், எங்கேயிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் இடம். கை காட்டி வண்டியை நிறுத்துவது சுலபம். நாற்பதடிப் பெட்டி ஏற்றிய டிரெய்லரை எங்கே ஒதுக்குவது? என் முதல் சோதனையில் அதை யோசிக்கவே இல்லை. துறைமுகம் நோக்கிப் போகிற பக்கத்தில் வரிசையாக ஏழு வண்டிகளை ஓரங்கட்டினேன். அரை மணி நேரத்தில் பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை லாரிகள், நடுவில் ஓர் ஆம்புலன்ஸ். போக்குவரத்து எஸ்.ஐ. ஓடிவந்து, "சட்டம் உங்க பக்கம்தான் மேடம், ரோடு மட்டும் எங்க பக்கம்" என்றார். அதற்கப்புறம் முந்தின நாளே, அதே நேரத்தில், ஸ்கூட்டரில் போய் இடம் பார்த்துவிடுவது வழக்கம். நாலு டிரெய்லராவது நிற்க வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும், வெளியேற வேறு வழி இருக்க வேண்டும். மணலி பக்கமோ ஆண்டார்குப்பம் பக்கமோ தேடினால் கிடைக்கும். காசிமேட்டை ஒட்டி விடியற்காலையில் மட்டும் நிற்காதீர்கள். மீன் ஏலத்துக்கு வருகிற ஐஸ் வண்டியும் டிரை சைக்கிளும் உங்களைச் சபிக்கும்.

இடத்தை யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள், உங்கள் ஜீப் டிரைவருக்குக்கூட. முதல் வண்டியை நிறுத்திய பத்தாவது நிமிடம் வாட்ஸ்அப்பில் படத்தோடு செய்தி போய்விடும். முக்கால் மணி நேரம் கழித்து வருகிற வண்டிகளெல்லாம் உத்தமமாக இருக்கும். அப்போது மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விட வேண்டும்.

குழுவில் ஐந்து பேர் போதும். நிறுத்துவதற்குப் போலீஸ்காரர் இருவர், வண்டிக்கு இருவர், காகிதத்துக்கும் இ-சலான் மெஷினுக்கும் ஒருவர். வண்டியைப் பார்க்கிறவர் காகிதத்தைத் தொடக்கூடாது, காகிதம் பார்க்கிறவர் டிரைவரோடு தனியாக நிற்கக்கூடாது. ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, இதில் சமாதானமே கிடையாது: சாவி என் பாக்கெட்டுக்கு வந்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் என் ஆள் யாரும் வண்டிக்கு அடியில் குனியலாம்.

சரி, வண்டிக்கு வருவோம். புதிதாக வருகிறவர்கள் ஆர்.சி., எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, இன்ஷூரன்ஸ் என்று காகிதத்தில் ஆரம்பிப்பார்கள். நான் மூலையில் ஆரம்பிப்பேன். டிரெய்லரின் மூலைகளில் கூம்புத் தலை வைத்த ட்விஸ்ட் லாக் இருக்கும். பெட்டியின் அடி மூலையில் உள்ள ஓட்டைக்குள் அது நுழைந்ததும் கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால், தலை குறுக்கே நின்று பெட்டியைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பெட்டிக்கு நாலு லாக். இரண்டு இருபதடிப் பெட்டி ஏற்றியிருந்தால் எட்டு. தூரத்திலிருந்து டார்ச் அடித்தால் எல்லாம் பூட்டியது போலத்தான் தெரியும். கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். இந்தக் கடற்கரைச் சாலையில் உப்புக் காற்று இரும்பைத் தின்கிறது. துருவேறி, பாதித் திருப்பத்திலேயே இறுகிப்போன லாக்கை எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒரு வண்டியில் கைப்பிடியே இல்லை, அந்த இடத்தில் கட்டுக்கம்பியைச் சுற்றிவைத்திருந்தார்கள்.

டிரைவர்கள் லாக்கைத் திறந்து வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் திட்டாதீர்கள். துறைமுகத்துக்குள் கிரேன் பெட்டியைத் தூக்கும்போது ஒரு லாக் மூடியிருந்தாலும் டிரெய்லரும் சேர்ந்து மேலே கிளம்பும். அந்தப் பயத்திலும், வரிசையில் நேரம் மிச்சம் என்றும், கேட்டை நெருங்கும் முன்பே திறந்துவிடுகிறார்கள். ஆகவே துறைமுகத்துக்குள் போகிற வண்டிகளைத்தான் நான் அதிகம் நிறுத்துவேன். "காலிப் பெட்டிதானே மேடம்" என்பார்கள். காலிப் பெட்டிதான் வம்பு. நாற்பதடிப் பெட்டியின் பக்கவாட்டுப் பரப்பு சுமார் 30 சதுர மீட்டர், காலியாக இருக்கும்போது எடை நாலு டன்னுக்கும் குறைவு. கடல் காற்றுக்கு அது பாய்மரம் மாதிரி. வளைவில் திரும்பும்போது பக்கத்தில் போகிற பைக்காரருக்கு அது காலிப் பெட்டி என்று தெரியவா போகிறது?

அடுத்து பிரேக். இஞ்சின் ஓடட்டும், காற்று ஏறட்டும், பிறகு நிறுத்திச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டை இருக்கிறதா என்று மறுபடி பார்த்துவிட்டு, பார்க்கிங் பிரேக்கை எடுக்கச் சொல்லுங்கள். டிரைவர் பெடலை மிதித்துப் பிடிக்க, ஒருவர் டிரெய்லரின் ஒவ்வொரு பிரேக் சேம்பரிலும் (சக்கரத்தருகே காற்று போய் பிரேக்கைத் தள்ளுகிற குடுவை) தண்டு வெளியே வருகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மூன்று ஆக்ஸில் டிரெய்லர் என்றால் ஆறு. எங்காவது தண்டு அசையாமல் நிற்கும், எங்காவது ஸ்ஸ் என்று காற்று கசியும். முன்வண்டியிலிருந்து டிரெய்லருக்குக் காற்று கொண்டுபோகிற சிவப்பு ஹோஸ், மஞ்சள் ஹோஸ் இரண்டும் ஒழுங்காக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் வேலை செய்யவில்லை என்றால் பெடல் மிதிக்கும்போது டிரெய்லர் பிடிக்காது. முழுப் பாரமும் முன்னால் இழுக்கிற வண்டியைத் தள்ளும். அப்படிப்பட்ட வண்டியை அபராதம் போட்டு அனுப்புவது பாவம். அங்கேயே நிறுத்தி, மெக்கானிக் வந்த பிறகு விடுங்கள்.

டயரில் சட்டம் கேட்பது 1.6 மில்லிமீட்டர் பட்டன், அதாவது வரிப்பள்ளத்தின் ஆழம். மொட்டை டயருக்கு அளவுகோல் தேவையில்லை. இரட்டைச் சக்கரத்தின் உள்பக்க டயரை மட்டும் மறக்காதீர்கள், மோசமானதை அங்கேதான் ஒளித்து வைப்பார்கள். பின் விளக்கு எரிகிறதா? ஒளிரும் பட்டை முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு. ஐம்பது அடி தள்ளி நின்று, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடியுங்கள். இடுப்பளவில் பிடித்தால் நல்ல பட்டைகூட மங்கலாகத்தான் தெரியும். மங்கினால் முதலில் கைக்குட்டையால் துடைத்துப் பாருங்கள். மணலித் தூசிக்கு அபராதம் போட முடியாது.

இப்போது காகிதம். முன்வண்டிக்கு ஒரு நம்பர், டிரெய்லருக்கு இன்னொரு நம்பர், எஃப்.சி.யும் தனித்தனி. டிரைவர் முன்வண்டியின் எஃப்.சி.யை மட்டும் நீட்டுவார். எட்டு வருடத்துக்கு மேற்பட்ட வண்டி வருடாவருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். டிரெய்லர் சேஸிஸ் நம்பரைப் பென்சிலில் தேய்த்து எடுத்து ஒப்பிட்டால், ஒரே நம்பர் பிளேட்டில் இரண்டு டிரெய்லர் ஓடுகிற வித்தையும் அகப்படும்.

பாரம் அதிகம் என்று தோன்றினால் எடை மேடைக்கு அனுப்ப 114-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. 194-ஆம் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, அடிப்படை அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மிகையான சரக்கை இறக்கிவிட்டுத்தான் வண்டி நகரலாம் என்பதும் சட்டம். ஆனால் கஸ்டம்ஸ் சீல் வைத்த பெட்டியை ரோட்டில் எப்படி இறக்குவது? சீலைத் தொடாதீர்கள். ஏற்றி அனுப்பியவருக்கும் வண்டி முதலாளிக்கும் எழுத்தில் தெரிவித்து, பொறுப்பானவர் வந்து சேரும் வரை நிறுத்துங்கள்.

பெட்டி வண்டிகளுக்கு நடுவே மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்து எரிபொருள் டேங்கர் சிக்கினால் இந்த முறை எதுவும் செல்லாது. 1203 என்ற பலகை இருந்தால் பெட்ரோல். அருகில் பீடியும் வேண்டாம், சாலையோர பிரேக் சோதனையும் வேண்டாம். டிரைவரின் அபாயச் சரக்குப் பயிற்சிச் சான்றையும், அவசரத் தகவல் அட்டையையும், தீயணைப்பானையும் பார்த்துச் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள்.

டிரைவர் போனை நீட்டுவார்: "ஓனர் லைன்ல இருக்கார் மேடம்." வாங்காதீர்கள். "அவரை நேர்ல வரச் சொல்லுங்கண்ணே" என்றால் போதும். டிரைவர் பேட்டாவுக்கு ஓடுகிற மனிதர், லாக் மாற்றுவது அவர் செலவில்லை. ஆகவே செக் ரிப்போர்ட்டில் 'டிரைவர் கவனக்குறைவு' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதாதீர்கள். 'இடப்பக்கப் பின் லாக் துருவேறித் திரும்பவில்லை' என்று எழுதினால் யாரைப் பிடிக்க வேண்டும் என்று மேலே இருக்கிறவர்களுக்குப் புரியும். நிற்கிற நேரத்தில் அவரை டீ குடிக்க விடுங்கள். லாக்கைப் பற்றி, வரிசையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, டீக் கிளாஸோடு நின்ற டிரைவர்கள் சொன்னது.

நிறுத்திய வண்டிகளின் பட்டியலை மறுநாள் மேசையில் போட்டு மறந்துவிடக் கூடாது. சரிசெய்துவிட்டோம் என்று போட்டோ அனுப்புவார்கள். போட்டோவை ஏற்காமல் வண்டியை வரச் சொல்லுங்கள். அப்படி வந்த ஒரு டிரெய்லரில் நாலு லாக்கும் பளபளவென்று மஞ்சளாக இருந்தன. பிடித்துத் திருப்பினேன். எதுவும் நகரவில்லை, பெயின்ட் மட்டும் கையோடு வந்தது. காக்கிச் சட்டையின் வலது கைமடிப்பில் அந்த மஞ்சள் இன்னும் போகவில்லை.